கடன் என்னும் சொல்: ‘எரியும் பனிக்காடு’ நூலை முன்வைத்து

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டானியல் 1969 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய புதினத்தை, இரா. முருகவேள் 2007 இல் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். பிரசங்கத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடும் நம்மவர் இதனை வெறும் துயரக்கதையாக வாசித்து அமைந்துவிடக்கூடும். அது போதாதென்பதே நமது கருத்து.

நூலின் உயிர்நாடி முன்பணமே. திருநெல்வேலிச் சீமையில் பசியால் வாடும் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி மலையேறுகின்றனர். அவர்கள் பெற்றவை யாவும் கணக்கில் ஏறுகின்றன. கூலியில் கழித்த பின்னும் கடன் மிஞ்சுகிறது. கடன் மிஞ்சுமட்டும் ஊர் திரும்ப வழியில்லை. ஒப்பந்தம் மீறிய தொழிலாளியைத் தண்டிக்க இடந்தந்த 1859 ஆம் ஆண்டுச் சட்டம் 1926 வரை நீடித்ததை நினைவிற்கொண்டால், கணக்கேடே அவர்களுக்கு விலங்காயிற்று என்பது விளங்கும்.

நூலில் குறையும் உண்டு. நோயையும் சாவையும் மருத்துவரின் கண்கொண்டு விரிவாய்க் காட்டும் ஆசிரியர், தொழிலாளர் தம்முள் கூடி எடுக்கும் முயற்சிகளுக்கு அத்துணை இடந்தரவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்நூலைத் தழுவிப் பாலா இயக்கிய ‘பரதேசி’ 2013 இல் வெளிவந்தது. அதில் மருத்துவர் மதமாற்றத்திற்கே வந்தவராய்த் திரிக்கப்பட்டது நமக்கு வருத்தமளித்தது, அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும், அக்காட்சி நம்மைப் புண்படுத்திய அளவிற்கு, அதே படத்தில் கூலிக்கணக்குத் தீர்க்கும் காட்சி புண்படுத்திற்றா? நமது மானத்திற்காக எழுந்த குரல் ஏழையின் கூலிக்காக எழவில்லையெனில், குற்றம் படத்தில் மட்டும் இல்லை.

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் (மத்தேயு 6:12) நமது தமிழ் வேதாகமம் ‘கடன்’ என்றே கூறுகிறது. நாமோ அதனைப் பாவமென்று மட்டுமே விளக்கிப் பழகினோம். கடன் கொடுத்தவனும் கடன்பட்டவனும் ஒரே ஆலயத்தில் அவ்வேண்டுதலைச் சொல்லும்போது, அதன் பொருள் இருவருக்கும் ஒன்றாகுமோ?

இன்று வால்பாறையில் ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் கொழுந்து பறிக்கின்றனர். கொத்தடிமை முறையை 1976 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தும், செங்கற்சூளைகளில் முன்பணம் இன்னும் குடும்பங்களைக் கட்டிவைக்கிறது. வாங்கியது எவ்வளவு, மீந்தது எவ்வளவு என்று அவர்களிடம் ஒருமுறையேனும் கேட்டறியாத போதகர், அவ்வேண்டுதலை விளக்கிப் பிரசங்கிக்கத் துணிவது எங்ஙனம்?