கடைசி இடமும் எட்டாவது இடமும்

2022 ஜூனில் யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீடு வெளியானது. 180 நாடுகளில் இந்தியாவுக்கு 180ஆவது இடம். அதே ஆண்டு நவம்பரில், ஜெர்மன்வாட்ச் உள்ளிட்ட மூன்று அமைப்புகளின் காலநிலைச் செயல்பாட்டுக் குறியீட்டில் இந்தியா எட்டாவது. இரண்டிலும் டென்மார்க் முன்னணியில் இருந்தது. முதல் பட்டியலை அறிவியலுக்குப் புறம்பானது என்று தள்ளிய ஒன்றிய அரசு, இரண்டாவது வந்ததும் ஜி20 நாடுகளில் நாமே முதல் என்று அறிக்கை விட்டது.

இரண்டும் அளப்பது ஒன்றையே அல்ல. முதலாவதில் காற்றின் தரம், குடிநீர், பல்லுயிர் எல்லாம் உண்டு. காற்று மாசுக்காக இந்தியா இழந்த மதிப்பெண்ணுக்கு யாரும் வழக்காட முடியாது. சிக்கல் அதன் காலநிலைப் பகுதியில் இருந்தது. ஒரு நாட்டின் உமிழ்வு முந்தைய பத்தாண்டில் ஏறியதா இறங்கியதா என்று பார்த்து, அதே போக்கை 2050 வரை நீட்டினார்கள். இந்தக் கணக்கில் நிகர சுழியத்தை நெருங்கியவை டென்மார்க், பிரிட்டன், போட்ஸ்வானா, நமீபியா போன்ற சில நாடுகள் மட்டுமே. வாக்குறுதிகளை நம்பாமல் நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்வது இம்முறையின் பலம். மாநாட்டு மேடைகளில் அள்ளி வீசப்படும் இலக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கறார் பிடிக்கும். ஆனால் வீட்டுக்கு மின்சாரம் இப்போதுதான் எட்டுகிற நாட்டில் உமிழ்வு ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தையும், ஏறி முடித்தவர்கள் இறங்குவதையும் ஒரே கோட்டில் வைப்பது வெறும் கணிதமல்ல, ஒரு நிலைப்பாடு.

இரண்டாவது குறியீடு உமிழ்வுக்கு 40 விழுக்காடும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, எரிசக்திப் பயன்பாடு, கொள்கை ஆகியவற்றுக்குத் தலா 20 விழுக்காடும் தருகிறது. அதில் தலைக்கணக்கு முக்கியம். இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்கர் ஒருவருடையது ஏறக்குறைய ஏழு மடங்கு. இது கூடுதல் நியாயமாகத் தெரிகிறது. ஆனாலும் அந்த 2 டன்னுக்குள் மும்பையின் சொகுசு அடுக்ககமும் விறகடுப்பு எரியும் குடிசையும் சேர்ந்தே இருக்கின்றன. விறகடுப்புக்காரரின் இல்லாமைக்குக் கிடைத்த மதிப்பெண்ணைத்தான் டெல்லி தன் சாதனையாகக் காட்டியது. கொள்கைக்கான மதிப்பெண்ணை அந்தந்த நாட்டு வல்லுநர்கள் இடுகிறார்கள். உள்ளூர் நிலவரம் தெரிந்தவர்கள், ஆனால் ஒரு நாட்டவரின் கறார் இன்னொரு நாட்டவருக்கு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டு பட்டியலும் தொட்டும் தொடாமலும் விடுவது வரலாற்றை. தொழிற்புரட்சிக்குப் பின் வானில் சேர்ந்த கரியமில வாயுவில் கால்பங்குக்கு நெருக்கமானது அமெரிக்காவுடையது. ஆலைகளை ஆசியாவுக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்தே சரக்கை வரவழைக்கும் நாட்டுக்கு, அந்தப் புகையும் தன் கணக்கில் ஏறாமல் போவது வசதி.

விழுமியத் தீர்ப்பு கலக்காத தரவரிசையைக் கேட்பதில் பயனில்லை. எதற்கு எத்தனை விழுக்காடு என்று முடிவெடுத்ததுமே அது உள்ளே வந்துவிடுகிறது. அதைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்துவைப்பதே என் குறை. இந்த வகையில், போதுமான அளவு செய்த நாடு எதுவுமில்லை என்று இரண்டாவது குறியீடு முதல் மூன்று இடங்களைக் காலியாக விடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதுவும் ஒரு தீர்ப்புதான், ஆனால் பட்டியலின் உச்சியிலேயே எல்லோர் கண்ணிலும் படுகிறது. இந்திய அரசோ அந்த மூன்று காலியிடங்களைக் கழித்துவிட்டு, எட்டாவது இடத்தை ஐந்தாவது என்று எண்ணிக்கொண்டது.