முயலின் கண்ணும் சாயப்பட்டறைத் தொழிலாளியின் கண்ணும்

திருப்பூரில் பனியன் துணியை வெளுக்கக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டும். சாயமேற்றச் சாயத்தூளும் உப்பும் சோடா உப்பும் வேண்டும். காரத்தைச் சமன்செய்ய அசிட்டிக் அமிலம். இவற்றோடு வரும் பொருள் பாதுகாப்புத் தரவுத் தாளில் (எம்.எஸ்.டி.எஸ்.) ‘கண்ணுக்குக் கடும் சேதம்’, ‘கண் எரிச்சல்’ என்ற எச்சரிக்கைகள் இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு ஆதாரம் முயல், மாடு, கோழி ஆகியவற்றின் கருவிழிப் படலத்தில், அதாவது கார்னியாவில், செய்த சோதனை. விலங்கின் கார்னியாவை வைத்து மனிதக் கண்ணின் ஆபத்தைக் கணிக்கும் இந்த முறையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

1944இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் முயல் கண் சோதனைக்கு மதிப்பெண் முறை வகுத்தார். மொத்தம் 110 மதிப்பெண். அதில் 80 கார்னியாவுக்கு. உயிருள்ள கண்ணில் நடப்பதால், புண் எவ்வளவு ஆழம் என்பதோடு 21 நாளுக்குள் ஆறுகிறதா என்பதும் தெரியும். வெட்டியெடுத்த கண் எதுவும் இந்த விடையைத் தராது.

கார்னியாவின் அடிப்படை அமைப்பும் பொதுவானது. வெளிப்புறம் எபிதீலியம், நடுவில் கொலாஜன் அடுக்குகள், உட்புறம் எண்டோதீலியம். காஸ்டிக் போன்ற காரம் செல்சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கி உள்ளே இறங்கும். அமிலம் பெரும்பாலும் புரதத்தை உறையவைத்துத் தானே தடையெழுப்பிக்கொள்ளும். எந்த விலங்கின் கண்ணிலும் இதுவே நடக்கும். அதனால் மிகக் கொடிய பொருளை இந்தச் சோதனைகள் எளிதில் தவறவிடுவதில்லை.

சிக்கல் நுணுக்கத்தில் இருக்கிறது.

மனிதக் கார்னியாவின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். முயலுடையது அதைவிட மெல்லியது. எபிதீலியத்துக்குக் கீழே மனிதரிடம் தெளிவாகத் தெரியும் போமன் அடுக்கு முயலிடம் இல்லை, அல்லது மிக மெல்லியது. முயல் அரிதாகவே இமைக்கும். அதற்கு மூன்றாம் இமையும் உண்டு. முயலின் எண்டோதீலியச் செல்கள் பெருகிக் காயத்தை மூடும். மனிதருடையவை அப்படிப் பெருகுவதில்லை. முயலுக்கு ஆறிய புண் தொழிலாளிக்கு ஆறாமல் போகலாம். மிருகத்தின் வேதனை ஒருபுறமிருக்க, ஒரே பொருளுக்கு ஆய்வகங்கள் வேறுவேறு மதிப்பெண் தருவதை வெய்ல், ஸ்காலா என்ற ஆய்வாளர்கள் 1971லேயே காட்டினர்.

இறைச்சிக்கூடத்து மாட்டுக் கண்ணைப் பயன்படுத்தும் சோதனைக்கு பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) 2009இல் வழிகாட்டி தந்தது. கார்னியா எவ்வளவு மங்குகிறது, ஃபுளோரசீன் சாயம் எவ்வளவு ஊடுருவுகிறது என்று அது அளக்கிறது. உயிர்ப்பலி குறைகிறது, எண் துல்லியமாகக் கிடைக்கிறது. ஆனால் மாட்டுக் கார்னியா மனிதருடையதைவிடத் தடிமன். இந்தச் சோதனையின் மதிப்பெண் 55க்கு மேல் போனால் கடும் சேதம், 3 வரை பாதிப்பில்லை. இடைப்பட்ட எண்ணுக்கு இந்தச் சோதனை தனித்துத் தீர்ப்புச் சொல்லாது. திடப்பொருள்களின் கடுமையைத் தவறவிடும் போக்கும் இதற்கு உண்டு. திருப்பூர் வாங்கும் சாயமோ பெரும்பாலும் தூள்.

மனிதச் செல்களால் உருவாக்கிய கார்னியாத் திசுவுக்கு 2015இல் ஓ.இ.சி.டி. வழிகாட்டி வந்தது. உயிரின வேறுபாடு என்ற குறையை அது தீர்க்கிறது. ஆனால் செல்கள் உயிரோடு இருப்பதை நிற மாற்றத்தால் அளக்கும் அந்த முறையில், சாயத்தின் நிறமே கணக்கைக் குழப்பக்கூடும். அதற்குக் குரோமட்டோகிராபி முறையில் தனி அளவீடு தேவைப்படுகிறது. சட்டமும் விலங்குச் சோதனையை முழுதாக விலக்கவில்லை: இந்தியா 2014இல் அழகுசாதனப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையைத் தடைசெய்தது; தொழிற்சாலை இரசாயனங்கள் அத்தடைக்குள் வரவில்லை.

ஆகவே கொடிய பொருளை அடையாளம் காண இந்த ஒப்பீடு வலுவானது. சாயத்தூள் போன்ற நடுத்தர ஆபத்துகளில், அதுவும் பொருள் தனித்தனியாகச் சோதிக்கப்படும்போது, அது பலவீனமானது. பட்டறையிலோ சூடான கலவை தெறிக்கிறது. தூள் நாள்தோறும் கண்ணில் படிகிறது. எந்தக் கண்ணில், எந்த முறையில் சோதித்தது என்பதை எம்.எஸ்.டி.எஸ். தாள் தமிழில் சொல்ல வேண்டும். ‘எரிச்சல் மட்டும்’ என்று அத்தாள் சொன்னாலும், தூள் நிறுக்கும் இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடியும் கையெட்டும் தூரத்தில் கண் கழுவும் குழாயும் இருக்க வேண்டும்.