கவ்வாத்துக்குப் பழகிய மரம்

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ போன்சாய் வளர்க்க ஆசைப்படுகிறவர் எந்த மரத்தை எடுப்பது? வெளிநாட்டுப் பைனையும் மேப்பிளையும் தருவித்து, அவை பனிக்காலம் காணாமல் சோர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அந்தந்த மண்ணில் தானாக முளைக்கும் மரத்தை எடுப்பதே மேல் என்பது இக்கலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்லும் புத்திமதி. அதில் பிழை இல்லை, ஆனால் அது பாதிதான். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய வெள்ளி மேப்பிளைப் பார்த்தால் மீதிப் பாதி தெரியும். ஆற்றோரங்களில் மண்டி வளரும் அந்த மரத்தின் நாற்று அங்கே சும்மா கிடைக்கும். உறைபனியையும் வெள்ளத்தையும் தாங்கும், சீக்கிரமே அடிமரம் பருக்கும். இருந்தும் அங்குள்ள போன்சாய்க்காரர்கள் பலர் அதைக் கையில் எடுக்கத் தயங்குகிறார்கள். இலைக்காம்பு நீளம், கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம். எவ்வளவு கிள்ளினாலும் தொட்டி மரத்தின் அளவுக்கு இலை சிறுப்பதில்லை. பெரிய வெட்டுக்காயம் மூடுவதற்குள் கட்டை உளுக்கத் தொடங்கிவிடும். ஆக, உள்ளூர் மரம் பிழைக்கும் என்று நம்பலாம், நல்ல போன்சாய் ஆகும் என்று நம்ப முடியாது. பிழைக்குமா, வடிவத்துக்கு வசப்படுமா என்ற இந்த இரண்டு கேள்விகளோடு இலங்கையின் மலைநாட்டில் மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது: அந்த மரத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறோம்? மூன்றையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால், மலைநாட்டுப் போன்சாய்க்கு முதல் உரிமை காட்டு மரத்துக்கு அல்ல, தோட்டங்களில் பிடுங்கி விறகுக்குப் போகும் பழைய விதைத்தேயிலைக் கட்டைக்கே என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தக் கட்டைக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்து வாதாடுவதில் பயனில்லை.

முதலில் காட்டு மரங்களைப் பார்ப்போம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும் ஹோட்டன் சமவெளியில் காற்றும் மூடுபனியும் மரங்களைத் தாமாகவே குறுக்கி வைத்திருக்கின்றன. புன்னையின் மலைநாட்டு உறவான கீனை மரம் குடை விரித்தாற்போல் தலை தட்டையாகி, பாசி படர்ந்து நிற்கும். சிங்களத்தில் மஹ ரத்மல் எனப்படும் சிவப்பு ரொடோடென்ட்ரன் முறுகிய அடிமரத்தோடு பூக்கும். நாவல் குடும்பத்தில், ஏறக்குறைய நகத்தளவே வட்ட இலை கொண்ட உள்நாட்டுக்கே உரிய இனமும் அங்கு உண்டு. கண்ணுக்கு இவை ஆயத்தப் போன்சாய்கள். ஆனால் ரொடோடென்ட்ரனின் தடித்த இலை விரல் நீளத்துக்குக் குறைவதில்லை, பூங்கொத்தோ தொட்டி மரத்தின் தலையையே மறைத்துவிடும். வெள்ளி மேப்பிளின் குறை இங்கே வேறு உருவில் வருகிறது. கீனையின் வளர்ச்சி மிக மெதுவானது. வடிவத்துக்கு உண்மையில் ஏற்றது அந்தச் சிற்றிலை நாவல் இனம் ஒன்றுதான். அதைக் காட்டிலிருந்து தோண்டி எடுப்பதற்கோ நியாயமே இல்லை. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, 2010 முதல் உலக மரபுரிமைத் தளமான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அங்கிருந்து ஒரு செடியை எடுப்பதும் குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் நிலைமை மோசம்: அந்தக் காட்டில் பல ஆண்டுகளாக மரங்கள் நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வருகின்றன. அதிகம் பாதிக்கப்பட்டவற்றில் கீனையும் இந்தச் சிற்றிலை நாவலும் உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டாமல் விட வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873 இல் பரிந்துரைத்ததால் எஞ்சியது இந்தக் காடு. அதைத் தொட்டிக்காகத் தோண்டுவதைக் கலை என்று சொல்ல வாய் வராது. விதையிலோ பதியனிலோ தவறணையில் வளர்த்தால் ஆட்சேபம் இல்லை. ஆனால் அடிமரம் பருக்கப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

தேயிலையின் கதை இதற்கு நேர்மாறு. அதை எல்லாரும் செடி என்று சொல்லிப் பழகிவிட்டதால் அது மரம் என்பதே மறந்துபோயிற்று. அசாம் இனத் தேயிலையைத் தன் பாட்டில் விட்டால் 30 அடிக்கு மேல் போகும். இடுப்பளவில் நிற்பது மனிதக் கையால்தான். லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலத்திலிருந்து மலைநாட்டின் சரிவுகளில் நடந்துவருவது, உலகின் மிகப் பெரிய மரம் குறுக்கும் வேலைகளில் ஒன்று என்று சொன்னாலும் மிகையாகாது. ஏறக்குறைய வாரத்துக்கொரு முறை பெண்கள் மட்டக்கம்பை வைத்து உயரம் பிடித்துக் கொழுந்தைக் கிள்ளுகிறார்கள். நான்கைந்து ஆண்டுக்கொரு முறை ஆண்கள் கவ்வாத்துக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிறார்கள். நுனி கிள்ளுவது, பழைய கட்டையில் புதுத்துளிரை வரவழைப்பது, கிளைகளைப் பக்கவாட்டில் பரப்புவது, வெட்டுவாயைச் சரிவாக விட்டுத் தண்ணீர் வடியச் செய்வது என்று போன்சாய்க்காரர் கற்க வேண்டியவை அனைத்தும் இங்கே தினக்கூலி வேலையாக நடக்கின்றன. நூறு வயது கடந்த விதைத்தேயிலையின் அடிப்பாகம் பலமுறை வெட்டுண்டு முடிச்சு முடிச்சாகத் திரண்டிருக்கும். சீன இனத்தின் சாயல் கொண்ட செடிகளுக்கு இலையும் சிறிது, அடர்த்தியும் அதிகம். மஞ்சள் மகரந்தம் நிறைந்த சின்ன வெள்ளைப் பூ தொட்டிக்கு அளவானது. மலைநாட்டின் குளிரும் மழையும் அதற்குப் புதிதல்ல. பிழைக்குமா, வசப்படுமா, எங்கிருந்து எடுப்பது என்ற மூன்றுக்கும் முதல் பார்வையில் தேயிலை நல்ல விடையாகவே தெரிகிறது.

இரண்டாம் பார்வையில்தான் சிக்கல் வருகிறது. தேயிலை கவ்வாத்தைத் தாங்கும் வலிமை கிளையில் இல்லை, வேரில் இருக்கிறது. இலை முழுவதையும் இழந்த செடி மறுபடி துளிர்ப்பது வேரில் சேமித்து வைத்த மாப்பொருளைக் கொண்டுதான். அதனால்தான் கவ்வாத்துக்கு முன் பென்சில் பருமனுள்ள வேரை வெட்டி அயடீன் துளி விட்டுப் பார்க்கும்படி தேயிலை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வெட்டுமுகம் கருநீலமானால் சேமிப்பு இருக்கிறது, கத்தி வைக்கலாம். நிறம் வெளிறினால் பொறுக்க வேண்டும். போன்சாய்க்காரர் செய்வதோ அந்தச் சேமிப்புக் கிடங்கையே அறுத்தெறிவது. விதைத்தேயிலைக்கு ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும். அதை ஒரு சாண் அளவுக்குக் குறைக்காமல் தட்டைத் தொட்டியில் இருத்த முடியாது. மேலே இலையும் இல்லை, கீழே கிடங்கும் இல்லை என்றால் கட்டை எதைக் கொண்டு துளிர்க்கும்? பிடுங்கிய கையோடு தொட்டியில் ஏற்றிய தேயிலைக் கட்டைகள் நாலு துளிர் விட்டுப் பிறகு காய்ந்துபோவதன் காரணம் இதுவே. அந்தத் துளிர் வேர் பிடித்ததன் அடையாளம் அல்ல, கையிருப்பின் கடைசிச் செலவு. இதற்குப் பரிகாரமும் தோட்ட அறிவிலேயே இருக்கிறது. தாழ்நிலத் தோட்டங்களில் வேரில் சேமிப்புக் குறைவு என்பதால், கவ்வாத்தின்போது இலையோடு ஓரிரு கிளையை விட்டுவைப்பார்கள். மலைநாட்டில் சேமிப்பு அதிகமாக இருந்தாலும் தொட்டிக்குப் போகும் கட்டைக்கு அதே சலுகையைக் கொடுக்க வேண்டும். ஒரு மலையை, அதாவது தோட்டத்தின் ஒரு தேயிலைப் பரப்பை, பிடுங்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், கட்டையைச் சுற்றி ஓர் ஆண்டுக்கு முன்பே குழி வெட்டிப் பக்கவேரை வரவழைத்துப் பிறகு ஆணிவேரை அறுப்பது இன்னும் உத்தமம். ஆக இக்குறை தீராத குறை அல்ல, பொறுமையும் தோட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்பும் கேட்கும் குறை. வேர் ஆழமில்லாத வீ.பீ. தேயிலையைக் கொண்டு இதைத் தவிர்க்கலாமே என்று கேட்கலாம். துண்டுப் பதியனில் வளர்ந்த அந்தச் செடிக்கு நார்வேர்தான், தொட்டிக்கு வசதி. ஆனால் அடிமரத்தில் அந்த முதுமையும் முடிச்சும் இல்லை. எது சுலபமாகப் பிழைக்குமோ அதில் அழகு குறைவு, எதில் அழகோ அது பிழைப்பது கடினம்.

இதைவிடச் சிறிய, ஆனால் அடிக்கடி வரும் தொல்லைகளும் உண்டு. தேயிலை புளிப்பு மண்ணில் வாழ்வது. சுண்ணாம்பு கலந்த தண்ணீர் ஊற்றும் வீட்டில் இலை மஞ்சளித்துவிடும். ஆகவே யாழ்ப்பாணத்துக் கிணற்று நீருக்கு இந்தப் போன்சாய் ஏற்றதல்ல. பழைய வெட்டுவாய்கள் வழியே கட்டை உள்ளுக்குள் உக்கியிருக்கும், உயிர்க்கட்டையைத் தின்னும் கறையானும் குடியிருக்கலாம். எல்லாவற்றிலும் பெரிது சுகாதாரம். மீள்நடுகைக்காக ஒரு மலையைப் பிடுங்கும்போது வேர்த்துண்டு ஒன்றைக்கூட மண்ணில் விடக்கூடாது என்பது விதி. காரணம், போரியா போன்ற வேர்நோய்கள் எஞ்சிய வேர் வழியாகப் புதுச்செடிக்குத் தொற்றும். வேரைத் தாக்கும் நெமற்றோடு புழுக்கள் மண்ணோடு பயணம் செய்யும். பிடுங்கிய பிறகு குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை இரண்டு ஆண்டு வளர்த்து மண்ணைத் தேற்றுவதும் ஓரளவு இதற்காகவே. அப்படிப்பட்ட மலையிலிருந்து மண் ஒட்டிய கட்டையைத் தூக்கி இன்னொரு தோட்டத்து லயத்து வாசலில் வைப்பது அயல்வீட்டுக்கு நோயைக் கொண்டுபோவது. வேரைக் கழுவி, நோய்ப்பட்ட மலைகளை ஒதுக்கி எடுத்தால் மட்டுமே இந்தப் பழக்கத்தை ஆதரிக்க முடியும்.

வடிவத்தைப் பற்றிய ஆட்சேபம் வேறு வகையானது. அடியில் பருத்து நுனிக்குப் போகப் போக மெலியும் ஒற்றை அடிமரம் போன்சாயின் இலக்கணம். தேயிலையிலோ தரையோடு நாலைந்து கிளை பிரிந்து, எல்லாம் ஒரே உயரத்தில் தட்டையாக முடியும். ஆகவே அது போன்சாய் ஆகாது என்கிறார்கள். பைனுக்கு எழுதிய இலக்கணத்தால் தேயிலையை அளந்தால் முடிவு அப்படித்தான் வரும். மலை உச்சிப் பைனைத் தொட்டியில் காட்டும்போது கலைஞர் நினைவூட்டுவது காற்றையும் பனியையும். தேயிலைக் கட்டை நினைவூட்டக்கூடியது கத்தியை. ஒவ்வொரு முடிச்சும் ஒரு கவ்வாத்து, அந்தத் தட்டைத் தலை மட்டக்கம்பு வைத்த கோடு. கம்பி சுற்றி வளைத்து, பழைய தழும்பைச் செதுக்கி மறைத்து, அதை ஒரு குட்டிப் பைனாக ஆக்குவதுதான் இந்தப் பழக்கத்தின் உண்மையான கோளாறு. முடிச்சையும் தட்டைத் தலையையும் மறைக்காமல் விட்டால் இந்த மரம் தனக்கென ஒரு வடிவ இலக்கணத்தைத் தந்துவிடும்.

மரத்தைக் குறுக்குவது கொடுமை என்ற பொதுவான கண்டனத்துக்குத் தேயிலை விஷயத்தில் வலு குறைவு. நூறாண்டு குறுக்கப்பட்டு, அடுத்துத் தீயில் எரியப் போகிற கட்டைக்குத் தொட்டி வாழ்வு தண்டனை அல்ல. தேயிலை வந்தேறிதானே, உள்நாட்டு மரம் அல்லவே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. உள்நாட்டு மரத்தை எடு என்ற அறிவுரையின் நோக்கம் காலநிலைக்கு ஒத்ததை, கைக்கெட்டுவதை எடுக்கச் சொல்வது. பூர்வீகச் சான்றிதழ் பார்ப்பது அதன் நோக்கம் அல்ல. உள்நாட்டு இனம் என்ற பெருமைக்காகக் காட்டைத் தோண்டுகிறவரைவிட, வந்தேறித் தேயிலையை விறகுக் குவியலிலிருந்து எடுக்கிறவரே உள்நாட்டு மரங்களுக்கு நன்மை செய்கிறார். விதையில் முளைத்த ஒவ்வொரு தேயிலையும் தனித்தனி மரபுடையது என்பதால், மலைகள் வீ.பீ.க்கு மாறும் காலத்தில் தொட்டியில் தப்பும் ஒரு கட்டை அந்தப் பன்மையில் ஒரு துளியையேனும் காக்கும். ஆனால் இதையே சாட்டாக வைத்து, நன்றாகக் கொழுந்து தரும் விதைத்தேயிலையைத் தொட்டிக்காகப் பிடுங்கினால் வாதம் தலைகீழாகிவிடும்.

கனமான ஆட்சேபம் ஒன்று மிஞ்சுகிறது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, லயத்துக் காம்பிராக்களில் தலைமுறைகளாக ஒடுங்கிய மக்களின் உழைப்பால் வெட்டுண்ட மரத்தை, கொழும்பு வரவேற்பறைக்கு அலங்காரமாக்குவது அவமதிப்பு அல்லவா? அந்த உழைப்பின் சுவடு அழிக்கப்பட்டு, விலை மட்டும் யாரோ ஒருவர் கைக்குப் போனால் அவமதிப்புத்தான். இதற்குப் பதில் பழக்கத்தைக் கைவிடுவது அல்ல, அதைச் செய்பவரை மாற்றுவது. வேரின் சேமிப்பையும் கட்டையின் குணத்தையும் நன்கு அறிந்தவர்கள் கவ்வாத்துக்காரர்கள். தொட்டிக்கேற்ப அந்த அறிவைத் திருப்பிக்கொள்வது அவர்களுக்குச் சிரமமான காரியம் அல்ல. பிடுங்கும் மலையில் கட்டையைத் தெரிந்தெடுக்கும் முதல் உரிமையும் விற்பனையின் பெரும்பங்கும் அவர்களுக்கு என்று தோட்டக் கம்பனிகள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பி, 1976 இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போய் இன்று வாஷிங்டனில் நிற்கும் வெள்ளைப் பைன், 1625 முதல் பயிற்றப்பட்டுவருவதாகக் கணிக்கப்படுகிறது. தலைமுறைகளாக அதை வளர்த்த குடும்பத்தின் பெயரால் அதை யமாகி பைன் என்றே உலகம் அழைக்கிறது. அதே பொறுமையோடு நூறாண்டு வெட்டி வளர்க்கப்பட்ட தேயிலைக்கோ ஏழாம் நம்பர் மலை, ஒன்பதாம் நம்பர் மலை என்ற இலக்கம்தான் முகவரி. மலைநாட்டுப் போன்சாய் தொட்டியில் தோட்டத்தின் பெயரோடு வெட்டியவரின் பெயரும் பொறிக்கப்பட்டு, அவர் பங்கும் கையில் சேர்ந்தால் இந்தப் பழக்கத்தின் குறைகள் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. அதற்குச் சம்மதமில்லை என்றால் கட்டை அடுப்புக்கே போகட்டும். அங்கே அது லயத்து மக்களுக்குச் சோறாவது சமைத்துத் தரும்.