மூலைவிட்டத்தில் நடந்து பாருங்கள்

கணக்கென்றாலே ஒதுங்குபவர்களும் ஒரு மாலைப்பொழுதில் முழுமையாக அனுபவித்துவிடக்கூடிய நிரூபணம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் பேராசிரியராக இருந்த கியார்க் கேன்டர் 1891-இல் வெளியிட்டது. எதை எண்ணலாம், எதை எண்ணவே முடியாது என்பதுதான் விஷயம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிப் பார்த்தால்தான் இதன் சுவை பிடிபடும்.

பந்தியில் இலையையும் ஆளையும் தனித்தனியே எண்ண வேண்டியதில்லை. எல்லா இலைக்கும் ஆள் உட்கார்ந்து, யாரும் நிற்கவில்லையென்றால் இரண்டும் சமம். இந்த ஜோடி சேர்ப்பையே கேன்டர் முடிவில்லாத கூட்டங்களுக்கும் அளவுகோலாக்கினார். 1, 2, 3 என்னும் வரிசையோடு ஒன்றுக்கு ஒன்றாக ஜோடி சேர்ந்தால் அந்தக் கூட்டம் எண்ணத்தக்கது. அப்படிப் பார்த்தால் 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களும் மொத்த எண்களும் சமம்! கலீலியோ இதை 1638-இலேயே எழுதிவிட்டார். ஆனால் முடிவிலிக்கு அதிகம், குறைவு என்பதே பொருந்தாது என்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்து பின்னங்கள். எந்த இரண்டுக்கு நடுவிலும் இன்னொன்று இருப்பதால் சிறியது, பெரியது என்று இவற்றை அடுக்க வழியில்லை. மேலும் கீழும் உள்ள எண்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 2 வருவது முதலில், 3 வருபவை அடுத்து, பிறகு 4: 1/1, 1/2, 2/1, 1/3, 2/2, 3/1... இப்படியே போனால் 3/5 என்பது 24-ஆவதாக வரும். எந்தப் பின்னமும் தப்பாது. எல்லா முடிவிலியும் ஒரே அளவுதான் போலிருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றும்வரை காத்திருங்கள்.

இனி 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள தசம எண்கள் அத்தனையையும் ஒருவர் வரிசையாக எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் என்று மூலைவிட்டமாக இறங்குங்கள். அங்கே 5 இருந்தால் 6 எழுதுங்கள். வேறு எதுவானாலும் 5. கிடைக்கும் புது எண் முதல் எண்ணோடு முதல் இடத்தில் வேறுபடும், நூறாவதோடு நூறாவது இடத்தில் வேறுபடும். வரிசையில் அது எங்குமே இல்லை. (0.4999... என்பதும் 0.5 என்பதும் ஒரே எண் என்னும் சிக்கல் தலையிடாதபடி 5, 6 மட்டும் எழுதுகிறோம். இந்தச் சின்ன ஜாக்கிரதையும் எனக்குப் பிடித்த அழகு.)

விட்டுப்போன எண்ணைச் சேர்த்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். தாராளமாகச் சேருங்கள், புது வரிசையிலும் மறுபடி மூலைவிட்டம் போட்டால் வேறொன்று விடுபட்டிருக்கும். இங்கேதான் நின்று ரசிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வரிசையில் குற்றம் கண்டுபிடிப்பதல்ல இது; இனி எவர் எழுதப்போகும் எந்த வரிசைக்கும் இதே பதில்தான்.

இன்னொரு படியும் ஏறலாம். தமிழ் எழுத்துகளும் குறிகளும் எண்ணிக்கையில் அடங்கியவை. ஓரெழுத்தில் அமைபவை, ஈரெழுத்தில் அமைபவை என்று அடுக்கினால், எழுதப்பட்டதும் எழுதப்படப்போவதுமான எல்லாத் தமிழ் நூல்களும் ஒரே வரிசையில் வந்துவிடும். ஆனால் தசம எண்கள் வராது. எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப்பெயர் சூட்டப் புறப்பட்டால் மொழியில் பெயர்கள் போதாது. 1936-இல் ஆலன் டூரிங், எந்தக் கணிப்பு இயந்திரத்தாலும் தீர்க்க முடியாத கேள்விகள் உண்டு என்று காட்டியபோதும் இந்த மூலைவிட்டத்தைத்தான் கையிலெடுத்தார். அடுத்த மாலை அதைத் தேடிப் படியுங்கள்.