தராசும் சுவரும்

நடுநிலை என்றதும் நம் பத்திரிகைக்காரர்களுக்கு நினைவு வருவது தராசு. இரண்டு தட்டு, இரண்டிலும் சம எடை, முள் நடுவில். குறளில் வரும் தராசு இதுவல்ல. பரிமேலழகர் அதற்குக் கொள்ளும் பொருள், எடை வைக்கும் முன் தான் சமனாக நிற்பது, வைத்தபின் பாரம் எவ்வளவு என்று காட்டுவது. பாரம் ஏறியபின்னும் முள் அசையவில்லை என்றால் அந்தத் தராசு பழுது. நம்மிடையே நடுநிலை என்று மதிப்புப் பெற்றிருப்பது பெரும்பாலும் இந்தப் பழுதுதான்.

ஜோ சாக்கோவின் 'பாலஸ்தீனம்' என்ற சித்திரக்கதை நூலைப் படித்தபோது எனக்கு இது மேலும் உறுதியாயிற்று. 1987 டிசம்பரில் தொடங்கிய முதல் இன்டிபாதா ஓயும் தறுவாயில், 1991-92 குளிர்காலத்தில் சாக்கோ அங்கே போய் இரண்டு மாத காலம் தங்கினார். 1993க்கும் 1995க்கும் இடையில் ஒன்பது இதழ்களாக அது வெளிவந்தது. பின்னால் வந்த தொகுப்புக்கு எட்வர்ட் செய்த் முன்னுரை எழுதினார். நூலின் கடைசிப் பகுதியில் டெல் அவிவைச் சேர்ந்த பெண்கள் சாக்கோவிடம், எங்கள் தரப்பையும் பார்க்க வேண்டாமா என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அந்தத் தரப்பைத்தானே கேட்டு வந்திருக்கிறேன் என்பது அவர் பதிலின் சாரம். அமெரிக்காவில் வளர்ந்த ஒருவனுக்கு ஒரு தட்டு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்ற பிரக்ஞை அது.

இது பிரச்சாரம் அல்லவா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பிரச்சாரகன் தன்னை மறைத்துக்கொள்வான். சாக்கோ ஒவ்வொரு பக்கத்திலும் தன்னையே வரைந்துகொள்கிறார். மூக்குக் கண்ணாடியும் தடித்த உதடுமாக, தேநீர் குடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கொடூரமான கதை கிடைக்காதா என்று அலைகிற ஆளாக. சாட்சி சொல்பவனின் முகத்தையும், சாட்சியம் சேகரிப்பவனின் பேராசையையும் ஒரே கட்டத்தில் வைக்கிறார். விசாரணைக் கைதி ஒருவனின் அனுபவத்தைச் சொல்லும் அத்தியாயத்தில், நாட்கள் நகர நகரக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. அங்கே அடைமொழி எதற்கும் தேவையில்லை. இடம் குறைவதை வாசகன் கண்ணால் உணர்கிறான்.

இதை மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டு எழுதுகிற எனக்கு நடூரைத் தாண்டிப் போக முடியவில்லை. 2019 டிசம்பர் 2, விடிவதற்கு முன், மழையில், நடூர் ஏ.டி. காலனியை ஒட்டி இருந்த தனியார் வீட்டின் மதில் சரிந்தது. கருங்கல் மதில், சுமார் இருபது அடி உயரம். தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அனைவரும் அருந்ததியர். சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே சொன்னோம், யாரும் கேட்கவில்லை என்றார்கள் காலனி மக்கள்.

செய்தி எழுதப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். மழை பெய்தது, சுவர் இடிந்தது, வீடுகள் நொறுங்கின, பேர் பலியாயினர். அத்தனையும் தன்வினை. செய்தவன் என்று ஒருவன் உண்டென்றால் அது மழைதான். சுவரைக் கட்டியது, உயர்த்தியது, அனுமதித்தது, புகாரை வாங்கி வைத்துக்கொண்டது ஆகிய வினைகளுக்கெல்லாம் எழுவாய் உண்டு. அந்த எழுவாய்கள் முதல் நாள் தலைப்புகளில் வரவில்லை. பொய் என்று ஒரு வரியைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது என்பதுதான் இந்த நடையின் சாமர்த்தியம்.

அன்றே, உரிமையாளரைக் கைது செய்யக் கோரி உடல்களை வாங்க மறுத்து அரசு மருத்துவமனை முன் கூடியவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது. இதற்கென்று நம் பத்திரிகைத் தமிழில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: தள்ளுமுள்ளு. தடி ஒரு பக்கம்தான் இருந்தது என்பதை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. மறுபுறம், தன் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்து அவர்களின் கண்களைத் தானம் செய்த தகப்பனுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. அந்த மனிதரின் செயல் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் துக்கத்தில் கொடுப்பவனை மட்டும் கொண்டாடி, துக்கத்தில் கேள்வி கேட்பவனைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக்குவது ஒரு சார்புதான். உரிமையாளர் கைதானது அடுத்த நாள்.

எதிர்த்தரப்புச் சொல்லையும் சோதிக்காமல் விடக்கூடாது. 'தீண்டாமைச் சுவர்' என்றார்கள். உத்தப்புரத்தில் 1989இல் எழுந்து 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவருக்கு அந்தப் பெயர் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்தும். அது ஊர் கூடி ஒரு சாதியை ஒதுக்கக் கட்டியது. நடூரில் கட்டியவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நான் அறிய வழியில்லை. நிருபரும் அதை அறிந்ததுபோல் எழுத வேண்டாம். ஆனால் தோட்டத்தையும் பங்களாவையும் காக்க எத்தனை அடி தேவை, காலனியைக் கண்ணிலிருந்து மறைக்க எத்தனை அடி தேவை, தாங்குதூண் இல்லாமல் அவ்வளவு உயரம் ஏற்ற எப்படி முடிந்தது, பக்கத்தில் இருந்தது வேறு தெருவாயிருந்தால் முடிந்திருக்குமா என்பவை அளக்கக்கூடிய கேள்விகள். கோஷம் போட்டவர்களிலும் பலர் இவற்றை அளக்கவில்லை. பெயர் சூட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

பெயர்ச்சண்டை அங்கேயும் நடந்தது. 2002இல் இஸ்ரேல் மேற்குக் கரையில் எழுப்பத் தொடங்கியதை அரசு வேலி என்றது. பாலஸ்தீனர் சுவர் என்றார்கள். நடுநிலை பேணிய செய்தி ஸ்தாபனங்கள் 'தடுப்பு' என்றன. சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9 அன்று வெளியிட்ட கருத்துரையில் சுவர் என்ற சொல்லையே ஆண்டது. சட்டவிரோதம் என்றும் சொன்னது. அளந்து பார்த்தபின் ஒரு சொல்லைத் தேர்வது பக்கச்சார்பு ஆகாது.

சாக்கோவின் நூல் முடியும் இடத்தில் மழை பெய்கிறது. சிப்பாய்கள் ஒரு பையனை நிறுத்தி விசாரிக்கிறார்கள். அவர்கள் கூரைக்குக் கீழே, அவன் வெளியே. அடி இல்லை, ரத்தம் இல்லை. யார் நனைகிறார்கள், யார் நனையவில்லை என்பதை மட்டும் சாக்கோ சரியாக வரைந்துவிடுகிறார். நடூரில் பெய்ததும் மழைதான். மழை இரு பக்கமும் பெய்தது என்று எழுதிய நிருபர் உண்மையைத்தான் எழுதினார். சுவர் எந்தப் பக்கம் விழுந்தது என்பதிலிருந்து தொடங்கியிருந்தால் அவருக்கு வேறு வாக்கியங்கள் கிடைத்திருக்கும்.