பிரகாசம் பரிசுத்தமாகாது

அண்ணாமலைநகரிலும் கடலூரிலும் தேசிய மாணவர் படையில் பயின்ற அன்பர்கள் சிலர், புள்ளி இருபத்திரண்டு ரைபிளின் குழலை உள்ளே கண்ணாடியாய் மின்னும்வரை தேய்ப்பதே பராமரிப்பின் பூரணம் என்று அண்மையில் உற்சாகத்தோடு வாதாடி வருகிறார்கள். அந்த அப்பியாசம் இளைஞருக்குச் சிரத்தையைக் கற்பிக்கிறது என்பதும், உப்புக்காற்று வீசும் இந்தக் கரையோரத்தில் எண்ணெய்ப் பூச்சின்றி எஃகு பிழைக்காது என்பதும் மெய்யே. அதற்குமேல் அவர்களோடு உடன்பட என்னால் இயலவில்லை.

மினுக்கத்தை நம்புவோர் முதலில் பித்தளையை நினைக்கவேண்டும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டுவில்லையைக் கிண்ணமாக அழுத்தி, இடையிடையே சூடேற்றி மிருதுவாக்கி, மேன்மேலும் இழுத்து நீட்டியே தோட்டாக்கூடு உருவாகிறது. இழுப்பில் உண்டான இறுக்கம் முழுதும் தணியாத கூடுகள், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் குதிரை லாயங்களில் மழைக்காலத்தைக் கழித்தபோது தாமாகவே விரிசலிட்டுப் பிளந்தன. குதிரைமூத்திரத்தின் அமோனியாவும் உள்ளிறுக்கமும் கூடியதே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். ராணுவத் தோட்டாவின் கழுத்தில் காணும் நீலமும் பழுப்புமான கறை, அங்கே சூடேற்றிப் பதப்படுத்தியதற்குச் சாட்சி. அதனை அமோனியா கலந்த மெருகுநீரால் துடைப்பவன் சாட்சியை அழிப்பதோடு சத்துருவையும் வரவேற்கிறான்.

குழலின் கதை இதனினும் துயரமானது. தோட்டாவைப் பற்றவைக்கும் பழைய கேப்புமருந்திலிருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் எஞ்சும் உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்து எண்ணெய்க்கு அடியிலும் துருவை வளர்க்கும். எண்ணெயில் கரையாத அதனைக் கரைக்கவே முற்காலச் சிப்பாய்கள் பின்வாய் வழியே கொதிநீரை ஊற்றினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. இன்றைய புள்ளி இருபத்திரண்டுத் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றில் அந்த உப்பு இல்லை. மெழுகோ கொழுப்போ பூசிய மெத்தென்ற ஈயக்குண்டு எஃகைத் தேய்ப்பதும் அற்பமே. குழலைத் தேய்ப்பது நம் கைதான். சிந்தித்துணி என்னும் துடைப்புத்துணியைக் கோத்து, குழலுக்குள் நுழைத்து இழுக்கும் புல்த்ரூக் கயிற்றை அவசரத்தில் கோணலாக இழுக்கும்போது, அதில் ஒட்டிய மணல் முன்வாயின் விளிம்பை அரம்போல் ஒருபக்கமாக அராவுகிறது. குண்டு குழலைவிட்டு நீங்கும் கடைசிக் கணத்தில் தொடுவது அந்த விளிம்பையே. அது சமனழிந்தால், பின்தொடரும் வாயு ஒருபுறம் முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். மாணவன் எத்தனை நிதானமாய்க் குறிபார்த்தாலும் பயனில்லை. பரிசோதகரோ பின்வாயில் கண்ணை வைத்து, உட்புறம் ஒளிர்கிறது என்று திருப்தியடைகிறார். விளிம்பை நோக்குவார் எவருமில்லை! இத்தகைய பரீட்சையில் தேறுவதற்காகவே நல்ல துப்பாக்கிகள் ஆண்டாண்டாய்க் குலைகின்றன என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். படிந்த ஈயத்தையும் கரியையும் பின்வாயிலிருந்து நேராகச் செலுத்தும் கோலால் அளவோடு நீக்கி, எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி நிறுத்துவது போதும். குழலின் ஆரோக்கியத்தை அறிய விரும்பும் பரிசோதகர், இலக்குத்தாளில் ஐந்து குண்டுகளின் குரூப்பிங், அதாவது அவை துளைத்த இடங்களின் கூட்டம், எவ்வளவு அகலத்துக்குள் அடங்குகிறது என்பதை மாதந்தோறும் அளந்து பதிவேட்டில் எழுதிவைக்கட்டும்.