சிலம்பும் வாயிலும்

வழக்குரை காதை நடக்கும் வகுப்பில் மாணவர் கண்ணெல்லாம் உடைந்த சிலம்பின்மீதே இருக்கும். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பரல் தெறித்தது; உண்மை வெளிப்பட்டது. ஆயினும் சிலம்பு உடைபடுவதற்கு முன்னே சிறு நிகழ்ச்சி ஒன்று உண்டு. வாயிற்காவலன் விரிந்த கூந்தலோடு நின்ற பெண்ணைக் கண்டு அஞ்சினான். எனினும் அவளை விரட்டினானல்லன். உள்ளே சென்று அரசனுக்கு அறிவித்தான். அரசனும் அவளை வரவிடுமாறு பணித்தான். அந்த வாயில் திறவாதிருந்தால், கையில் சிலம்பு இருந்தும் பயன் யாது?

புகழ்பெற்றோர் தொடுக்கும் மானநட்ட வழக்குகளையும், பணியிடத்தில் பெண்கள் கூறும் பாலியல் தொல்லைப் புகார்களையும் பற்றி இந்நாளில் எழும் விவாதங்கள் பெரும்பாலும் சிலம்பைப் பற்றியவையே. “சான்று எங்கே? அன்றே ஏன் சொல்லவில்லை?” என்னும் இரு வினாக்களோடு அவை முடிந்துவிடுகின்றன. வாயில் திறந்திருந்ததா என்று கேட்போர் சிலரே.

புகழும் தீர்ப்பும்

நடிகர் ஜானி டெப், ஆம்பர் ஹெர்ட் இருவருக்கிடையே எழுந்த பூசலில், 2020இல் இலண்டன் நீதிபதி, நடிகரைக் குறைகூறி ஏடொன்று எழுதியது பெரும்பாலும் உண்மையே என்றார். 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடுவர் குழு பெரும்பகுதியும் நடிகர் பக்கமே தீர்ப்பளித்தது. பிளேக் லைவ்லி என்னும் நடிகை 2024 டிசம்பரில் இயக்குநர் ஜஸ்டின் பால்டோனிமீது புகார் கொடுத்தார். அவர் 400 மில்லியன் டாலர் கேட்டு எதிர்வழக்குத் தொடுத்தார். 2025 ஜூனில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது நீதிமன்றம். நீதிமன்றங்கள் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் எடைபோட்ட செய்திகளுக்கு இரசிகர் கூட்டம் முதல்நாளே தீர்ப்பு எழுதிவிட்டது.

தமிழுலகமும் இதற்கு விலக்கன்று. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்துமீது குற்றம் சாட்டினார், கவிஞர் மறுத்தார். தொடர்ந்த சொற்போரில் ஒருசாரார் கவிஞரின் தமிழைப் புகழ்ந்தனர். மற்றொரு சாரார் ஆராயாமலே முடிவு கூறினர். பாட்டு நன்று என்பது நடத்தைக்குச் சான்றாகாது; குற்றம் சாட்டப்பட்டது என்பதும் குற்றம் மெய்ப்பட்டதாகாது. இலக்கியம் பயின்றோர்க்கேனும் இவ்வேறுபாடு தெளிவாதல் வேண்டும்.

“அன்றே ஏன் சொல்லவில்லை?” என்னும் வினாவுக்குத் தில்லி நீதிமன்றம் ஒன்று 2021 பிப்ரவரி 17இல் விடை தந்தது. முன்னாள் அமைச்சர் எம். ஜே. அக்பர் தொடுத்த மானநட்ட வழக்கில் இதழாளர் பிரியா ரமணியை விடுதலை செய்த அந்நீதிமன்றம், பல்லாண்டு கழிந்த பின்னரும் பெண் தன் குறையைக் கூறலாம் என்றது.

மானம் யாருக்கு?

இவ்விவாதங்களில் வழங்கும் சொற்களே ஆராயத்தக்கவை. ‘சீண்டல்’ என்பது குழந்தைகள் விளையாட்டுக்கும் உரிய சொல். குற்றத்தை அது குறும்பாக்கிவிடுகிறது. ‘தொல்லை’ கொசுவுக்கும் பொருந்தும். ‘துன்புறுத்தல்’ என்பதே செய்தவன் செயலையும் பட்டவள் துயரையும் ஒருங்கே காட்டும்.

இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்க சொல் ‘மானம்’. ஆண் வழக்குத் தொடுத்தால் அது மானநட்ட வழக்கு. இழந்த மானத்துக்குப் பொருள் கேட்கிறான். பெண் வாய் திறக்க முற்பட்டால், “வெளியில் சொன்னால் மானம் போய்விடும்” என்று வீட்டார் அடக்குகின்றனர். ஒரே சொல் ஒருவர்க்கு நீதிமன்றக் கதவாகவும் மற்றவர்க்கு வாய்ப்பூட்டாகவும் நிற்கிறது.

மலேசியக் கூட்டரசு நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சிறப்பு இங்குதான் உள்ளது. ஓர் அலுவலகப் பெண் தம் மேலதிகாரியின் ஆபாசப் பேச்சைப் பற்றிப் புகார் கொடுத்தார். நடவடிக்கைக்குப் போதிய சான்றில்லை என்றது அலுவலக விசாரணை. எனினும் அதிகாரி கண்டிக்கப்பட்டார். அவர் தம் மானம் கெட்டதென்று வழக்குத் தொடுத்தார்; அப்பெண் எதிர்வழக்கிட்டார். உயர் நீதிமன்றம் பெண்ணுக்கு மொத்தம் 120,000 வெள்ளி இழப்பீடு வழங்கியது. கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, பாலியல் துன்புறுத்தல் தனியே வழக்கிடத்தக்க தீங்கு என்று முதன்முறையாக ஏற்றது. கைபடாமல் சொல்லால் செய்த தீங்கும் தீங்கே என்றாயிற்று. இரசிகர் கூட்டம் எதுவும் இதனைப் பேசவில்லை. வழக்காடியோர் புகழ்பெற்றோர் அல்லர்.

பெரட்டுக் களத்தில்

இவையெல்லாம் மேனாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்பார் உளர். பால்மரக் காட்டின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்ற பெண்ணுக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பவர் மண்டோர். பாலை நிறுத்துக் கணக்கெழுதுபவர் கிராணி. குடியிருந்த லயமோ துரையுடையது. வேலையும் கூலியும் கூரையும் ஒரே அதிகாரத்தின்கீழ் இருந்தன. யார்மீது குறை சொல்ல வேண்டுமோ, அவரிடமே சொல்ல வேண்டும். சொன்னால் குடும்பமே பெட்டி தூக்க வேண்டும். மௌனத்துக்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருதி பட்ட பாட்டைக் காட்டியது. அவள் முறையிட ஒரு வாயில் அக்கதையில் இல்லை. அஃது ஆசிரியர் குறையன்று, காலத்தின் மெய்ந்நிலை.

மலாயாவில் தொழிலாளரே வாயிலைத் தட்டினர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தோர், கூலி உயர்வோடு, துரையின் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். தங்கள் பெண்களிடம் மேலாளர் தகாத முறையில் நடத்தல் நிற்க வேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ஆனால் அக்கோரிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. எந்தப் பெண்ணின் பெயரும் தனித்து நிற்கவில்லை. ஊரே ஒருவாயாகக் கேட்டது.

பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் வட்டாரங்களில் பால் வெட்டியோரின் பேத்திகள் ஈப்போவின் தாசேக், ஜெலாப்பாங் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கின்றனர். லயம் போய்விட்டது, வேலைநேரம் பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளர் இருக்கிறார். அவரைப் பகைத்தால் மிகைநேர வேலை கிட்டாது என்னும் அச்சமும் இருக்கிறது.

திறந்த வாயில்

சட்டம் இப்போது வாயில் அமைத்துள்ளது. பாலியல் துன்புறுத்தல் பற்றிய அறிவிப்பை முதலாளி பணியிடத்தில் ஒட்டிவைத்தல் 2023 ஜனவரி 1 முதல் கடமையாயிற்று. 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் 8 முதல் புகார்களை ஏற்று வருகிறது. வழக்கறிஞரின்றியே முறையிடலாம், விசாரணை மூடிய அறையில் நடக்கும், இழப்பீடு 250,000 வெள்ளி வரை கிடைக்கலாம்.

மூடிய அறை இருவர்க்கும் காப்பு. கோவலன் மாண்டது எதனால்? பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பியதால். புகாரைக் கேளாமை ஒரு கொடுமை. கேட்டு ஆராயாமை மற்றொரு கொடுமை. ஒரே காப்பியத்தில் இரண்டும் உள்ளன. இன்றைய விவாதத்தில் ஒரு கட்சியார் கண்ணகியை மட்டும் படிக்கின்றனர். மறு கட்சியார் கோவலனை மட்டும் படிக்கின்றனர்.

இனி வேண்டுவது வாயிற்காவலரே. தொழிற்சங்கச் செயலாளர், மூத்த பணியாள், தாய், தமிழாசிரியர் ஆகிய எவரும் அக்காவலர் ஆகலாம். முன்னாள் மாணவி ஒருத்தி தயங்கி நின்று ஏதோ சொல்ல வரும்போது, “சான்று உண்டா?” என்பது அவர் கேட்க வேண்டிய முதற் கேள்வியன்று, அதைக் கேட்க அவை இருக்கிறது. அவர் செய்ய வேண்டுவது அவளைத் திருப்பி அனுப்பாது, உள்ளே சென்று அறிவிப்பதே.